அட்டையில் ஒரு பெயர் குறைவு

நாய் ஏன் பச்சையாக இருக்கிறது என்ற ஒரே கேள்விக்குப் பச்சை நாய்க்காரரிடம் பதினொரு பதில்கள் இருந்தன. கேட்கிற ஆளுக்குத் தகுந்தபடி ஒன்றை எடுத்து நீட்டுவார். ஐந்து வயதுக் குழந்தைக்கு, "புல்லுல புரண்டு புரண்டு சாயம் ஒட்டிக்கிச்சு." எட்டு வயதுக்கு, "மத்த நாயெல்லாம் ஏன் பச்சையா இல்லைன்னு நீ கேட்டிருக்கியா?" ஆசிரியர்கள் கேட்டால் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "கற்பனைக்கு வேலி போடக் கூடாது." பல்கலைக்கழகத்தில் ஒருவர் அந்தப் பச்சையைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம் எழுதிப் பட்டமே வாங்கிவிட்டார். அது ஒடுக்கப்பட்டவர்களின் பொறுமையின் நிறமாம். அதைப் பன்னிரண்டாவது பதிலாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பச்சை நாய்க்காரர் யோசித்தார். அவருடைய அக்கா, "வெட்கமா இல்லையாடா உனக்கு?" என்று கேட்ட பிறகுதான் விட்டார்.

உண்மையான பதில் அந்தப் பதினொன்றில் இல்லை. அது தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். மற்ற இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு அது. முன்னறை ஜன்னலோரம் அக்காவின் தையல் மிஷின். பின்னறையில் தம்பியின் சாய்மேஜை. நடுவில் கதவு இருந்தது, ஆனால் முப்பது வருடமாக அது சாத்தப்பட்டதே இல்லை. மிஷின் ஓடுகிற சத்தம் நின்றால் அவருக்குப் பென்சில் ஓடாது. பென்சில் உரசுகிற சத்தம் நின்றால் அக்கா தலையை நீட்டி, "தூங்கிட்டியா?" என்பாள்.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றோடொன்று கலந்துதான் தெரியும். பிறவியிலேயே அப்படி. ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு மரம் வரைந்து, இலைக்கெல்லாம் பழுப்பு அடித்து, ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். ஓவிய வாத்தியார், "என்ன நக்கலா?" என்று ஸ்கேலைக் குறுக்காகத் திருப்பி விரல் முட்டியில் நாலு வைத்தார். ஏன் இப்படி அடித்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கத் தெரியாதவர்கள் கையில்தான் எப்போதும் ஸ்கேல் இருக்கிறது.

கேட்டது அக்கா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று. வீங்கிய விரலைப் பார்த்துவிட்டு அவள் அழவும் இல்லை, சாமிக்கு நேர்ந்துகொள்ளவும் இல்லை. பெட்டியிலிருந்து பதினோரு நூல்கண்டுகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். "இதுல சிவப்பைக் காட்டு." அவன் காட்டினான். கலைத்து வைத்தாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை ஒரு கண்டை ஒளித்துவைத்துவிட்டு இல்லாத நிறத்தைக் கேட்டாள், மனப்பாடமாகச் சொல்கிறானா என்று பார்க்க. எந்தெந்த ஜோடியில் தடுமாறுகிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். ஒரு கண் மருத்துவர் தன் பளபளப்பான அட்டைகளை வைத்து அதே முடிவைச் சொல்ல இன்னும் பதினைந்து வருடம் ஆனது.

இந்தப் பெண்ணைத்தான் ஏழாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அப்பா ஒரு மரக்கிடங்கில் கணக்கர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று வந்தபோது, அந்த நல்ல மனிதர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அக்கா தையல் கற்றுக்கொண்டாள். துணியின் நிறத்துக்கு நூல் எடுத்துக்கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று தெருவில் பெயர். அந்தப் பெயர் தெருமுனை வரைதான் போயிற்று.

தம்பி படித்து, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராகச் சேர்ந்தார். மற்றவர்கள் சிவப்பு மையில் திருத்தினார்கள். அவர் மட்டும் கறுப்புப் பென்சில். "ஏன்யா?" என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, "சிவப்பு கண்ணை உறுத்துது" என்றார். அச்செழுத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. தலைகீழாக விழுந்த ஒரு காற்புள்ளியைக்கூடப் பிடித்துவிடுவார். கழித்துப்போட்ட புரூஃப் தாள்களின் ஓரத்தில் சும்மா படம் போடுவார்: தும்முகிற யானை, வேலை தேடி அலையும் பேய். அந்தப் பேயிடம் அதிகாரி, "உன்னை நேரில் பார்த்த ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்பார். பாவம், பேயால் கடைசிவரை கொண்டுவர முடியாது. அச்சகத்துக்கு வந்த ஒரு பதிப்பாளர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம் பண்ணித் தர்றீங்களா?" என்றார். தம்பிக்கு அப்போது முப்பத்தாறு வயது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா வண்ணக் குப்பிகள் வாங்கிவந்தாள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சீட்டு ஒட்டினாள். சீட்டில் நிறத்தின் பெயர் இல்லை, பொருளின் பெயர். "செங்கல்." "எலி வால்." "மழைக்கு முந்தின வானம்." "நாய்." இனி குழப்பம் எங்கிருந்து வரும்? கதையில் வந்ததெல்லாம் ஒரு தெருநாயும், அது கேட்கிற கேள்விகளும்தான். நாய்க்கு அந்த "நாய்" குப்பி போதும்.

நாய்க்கு வண்ணம் போட வேண்டிய வாரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். தண்ணீர்க் கிண்ணம் சாய்ந்து "நாய்", "புல்" என்ற இரண்டு குப்பிகளின் சீட்டும் ஊறிக் கழன்றன. நல்ல பிழைதிருத்துபவர் அல்லவா, கழன்ற சீட்டுகளைப் பொறுப்பாக எடுத்துத் துடைத்து மறுபடி ஒட்டினார். மாற்றி ஒட்டினார். பிறகு பதினான்கு பக்கம் மிக அழகாக வண்ணம் தீட்டினார். ஒரு சொட்டுக்கூடக் கோட்டைத் தாண்டவில்லை.

படங்களை வாங்க வந்த பதிப்பாளர் முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏன் பச்சை?"

அது பச்சை என்று வரைந்தவருக்கே அந்த நொடியில்தான் தெரிந்தது. ஒன்பது வயது விரல் முட்டி வலித்தது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு:

"பச்சையா இருந்தா என்னங்க?"

பதிப்பாளர் மூன்றாவது பக்கத்தைப் புரட்டினார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, ஆமா! இருந்தா என்ன!"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா விஷயத்தைக் கேட்டு மிஷின் மேலே கவிழ்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போய் உண்மையைச் சொல்லிட்டு வா" என்றாள். நாளைக்கு என்றார். அந்த நாளை வரவில்லை. புத்தகம் வந்தது. ஆறு மாதத்தில் ஊரில் பச்சை நாய் தெரியாத குழந்தை இல்லை. துணிச்சலான கற்பனை என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அச்சக வேலையை விட்டார்.

இரண்டாவது புத்தகத்திலிருந்து குப்பி, சீட்டு எல்லாம் போயிற்று. அவர் கோடு போட்டு, உள்ளே பென்சிலால் லேசாக எழுதுவார்: "கூரை", "கோபமான ஆள் மூக்கு", "நேத்துப் பெய்த மழை". மிச்சத்தை அக்கா பார்த்துக்கொள்வாள். பகலில் பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்பு அடித்துவிட்டு, சாயங்கால வெளிச்சம் போவதற்குள் தூரிகை பிடிப்பாள். முதல் புத்தகத்தையும் சேர்த்து நாற்பத்தொரு புத்தகங்கள். நாற்பத்தொரு அட்டையிலும் "கதை, படம்" என்று போட்டு ஒரே ஒரு பெயர். அது அவருடையது.

அந்தப் புத்தகங்களில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "யார் சொன்னா?" என்று கேட்கிற நாய். "நீ ஏன் வாங்கின அடியை யார்கிட்டயும் சொல்லலை?" என்று கழுதையிடம் கேட்கிற நாய். வேலை ஒருத்தி செய்ய, பதக்கத்தைத் தான் குத்திக்கொண்டு போகிற ஒரு சிங்கத்தைப் பார்த்து ஊர் நடுவில் குரைத்த நாய். அந்தச் சிங்கத்தின் பிடரிக்கும் அக்காதான் வண்ணம் போட்டாள். தூரிகையை வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினாள், அவ்வளவுதான்.

அவருக்கு அறுபத்தாறு வயதானபோது, முதல் புத்தகத்துக்கு முப்பது வருடம் ஆனது. பழைய பதிப்பாளர் போய்ச் சேர்ந்து, அவருடைய மகள் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தாள். சிறு வயதில் அந்த நாய்ப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவள். சிறப்புப் பதிப்பு கொண்டுவரப் போவதாக ஃபோனில் சொன்னாள். "மாமா, முன்னுரை மட்டும் நீங்க எழுதணும். பச்சை நாய் எப்படிப் பிறந்தது? மூணே பக்கம்."

மூன்று பக்கத்துக்கு நான்கு நாள் ஆகியும் ஒரு வரி நகரவில்லை. பதினொரு பதிலையும் எழுதிப் பார்த்தார். நேரில் சொல்லும்போது சிரிப்பாக இருந்தது, தாளில் பொய்யாக இருந்தது. குப்பைக்கூடை நிரம்பியது.

"பொய்க்கு இவ்வளவு பேப்பரா?" என்றாள் அக்கா, கூடையைக் காலால் நகர்த்திக்கொண்டே.

ஐந்தாம் நாள் உண்மையை எழுதினார். வாத்தியாரின் ஸ்கேல், நூல்கண்டுகள், கழன்ற சீட்டு, பதிப்பாளரிடம் சொன்ன பதில், எல்லாம். எழுதி முடித்ததும் உடம்பே லேசானது போல இருந்தது. முன்னறைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மிஷின் நின்றது. அக்காவின் கண் கலங்கும் என்று அவர் எதிர்பார்த்தார்.

அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. உன் கண்ணைப் பத்தி ரெண்டே முக்கால் பக்கம். என் கையைப் பத்தி நாலு வரி."

"அக்கா..."

"அந்த நாலு வரியிலயும் 'உறுதுணை'ன்னு வேற போட்டிருக்கே. நான் என்ன, மாடிப்படி கைப்பிடியா?"

"மாத்திடறேன். நன்றிப் பக்கத்துல தனியா..."

"நன்றி எதுக்குடா? ஊறுகா போட்டுக் குடுத்தவளுக்குச் சொல்லு நன்றி." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாவது புத்தகத்தப்ப அந்தப் பதிப்பாளர் பெரியவர் இங்க வந்தார். நான் தூரிகையோட உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தார். விவரம் புரிஞ்சுபோச்சு. 'அட்டையில ரெண்டு பேர் போட்டா கண்ணுக்கு நல்லா இருக்காது, அதுவும் ஒண்ணு பொம்பளை பேரு'ன்னார். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. ஆறிப்போகுமே என்று குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏதாவது சொல்வேன்னு பார்த்தேன்," என்றாள் அக்கா. "சர்க்கரை பத்தலைன்னு சொன்னே."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் பின்னறைக்குப் போய் அலமாரியிலிருந்த நாற்பத்தொரு புத்தகங்களையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஒரு காற்புள்ளி தலைகீழாக இருந்தால் பிடித்துவிடுகிற மனிதர் அவர். அச்சுக்குப் போகும் முன்பு ஒவ்வொரு அட்டையையும் அவர்தான் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரே பிழை. நாற்பத்தொரு தடவை தப்பவிட்டிருக்கிறார். தப்பியது என்று சொல்வதுகூடப் பொய்தான். பார்த்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் சிறப்புப் பதிப்பின் அட்டைப் புரூஃப் வந்தது. பச்சை நாய் நடுவில் நின்று பார்த்தது. அவர் கறுப்புப் பென்சிலைச் சீவினார். தன் பெயருக்கு அடுத்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் குறியைப் போட்டு, ஓரத்தில் அக்காவின் பெயரை எழுதி, "கதை, படம்" என்பதை அடித்து "கதை, கோடு", "வண்ணம்" என்று பிரித்து, இரண்டு பெயரும் ஒரே எழுத்து, ஒரே அளவு என்று குறித்தார். கீழே: "பிழை. திருத்தாமல் அச்சிடக் கூடாது." கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலை ஃபோன்.

"என்ன மாமா இது? அட்டையைத் தொட முடியாது. முப்பது வருஷமா எல்லாருக்கும் மனசுல பதிஞ்ச அட்டை."

"தப்பாப் பதிஞ்சிருக்கும்மா."

"உள்ளே கடைசிப் பக்கத்துல 'வண்ண உதவி'ன்னு போட்டுடலாம். முன்னுரையும் இது வேண்டாமே. நாய் பச்சையானது தற்செயல்னு தெரிஞ்சா ஏமாந்துட்டோம்னு நினைப்பாங்க. எத்தனை பள்ளிக்கூடத்துக்குப் போற புத்தகம்!"

"பள்ளிக்கூடத்துக்குப் போறதாலதான் சொல்றேன். நான் கையெழுத்துப் போடலை."

பத்து நாள் ஒரு சேதியும் இல்லை. அவர் கோடு போடவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்தார். நாய் அவருக்குச் சோறு போட்டது, பெயர் கொடுத்தது. புத்தகம் வராமலே போகலாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: தான் பதினோராம் நாள் இளகி, சரி, கடைசிப் பக்கத்திலேயே போடுங்கள் என்று சொல்லிவிடுவோமோ என்று. ஒரு டீயை ஆறவிடாமல் குடிப்பதற்காக வாயை மூடிக்கொண்ட ஆள்தானே!

அக்கா அவரைத் தேற்றவில்லை. "நடக்கிறதா இருந்தா அந்தப் பக்கமா நட. வெளிச்சத்தை மறைக்காதே," என்றாள்.

பதினோராம் நாள் பதிப்பாளரின் மகள் நேரிலேயே வந்தாள். முகத்தில் தூக்கமில்லை. "அத்தை, நீங்களாவது சொல்லுங்க மாமாவுக்கு" என்று அக்காவின் அருகே உட்கார்ந்தாள். "நீங்க வண்ணம் போட்டீங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பச்சை அவரோடதுதானே? தப்போ சரியோ, போட்டது அவர்தானே?"

"ஆமா, போட்டது அவன்தான்," என்றாள் அக்கா. எழுந்துபோய் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய துணிப்பையை எடுத்துவந்தாள். உள்ளே அவள் வண்ணம் போட்ட சில மூலப் படங்கள், மேலே நீளமான அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டு நூல் கட்டியிருந்தது. எல்லாமே பச்சை நூல், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். பக்கத்தில் அவளுடைய ஏழாம் வகுப்புக் கையெழுத்தில் குறிப்புகள்.

"அவன் போட்டது எந்தப் பச்சைன்னு அவனுக்குத் தெரியுமா? அவனுக்கு அது நாய்க் கலர். அந்தக் குப்பி ஒரு வருஷத்துல கடையில வர்றது நின்னுபோச்சு. அப்புறம் பத்தொன்பது புத்தகத்துல நாய் வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் வேற கம்பெனி, வேற தாள். இந்த நூலை வச்சு ஒத்துப்பார்த்து ஒத்துப்பார்த்து நான் கலந்திருக்கேன். மஞ்சள் ஒரு சொட்டு கூடினாக்கூட அது வேற நாய் ஆயிடும்." நூல் கட்டிய ஓர் அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். "தப்புப் பண்ணினது அவன். அந்தத் தப்பை முப்பது வருஷம் மாறாம காப்பாத்தினது நான். நீ தலைமாட்டுல வச்சுத் தூங்கினியே, அது நாலாவது புத்தகம். அந்த நாயை மூணு தடவை கழுவிட்டு மறுபடி போட்டேன்."

பதிப்பாளரின் மகள் நூலைத் தடவிப் பார்த்தாள். பையிலிருந்த மூலப் படம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பச்சைக்குக் கீழே பென்சிலில் அவர் எழுதிய "நாய்" மங்கலாகத் தெரிந்தது.

"அப்பாவுக்கு இது தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"என்ன சொன்னார்?"

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர்தான் சொன்னார். பெரியவர் சொன்னதையும் சொன்னார், தான் சர்க்கரை கேட்டதையும் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் நூல் அட்டையை மடியிலிருந்து எடுத்துப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து அட்டைப் புரூஃபை எடுத்து மடிமேல் விரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே வரியில வராது. கீழ கீழதான் போடணும்," என்றாள்.

"போடு," என்றாள் அக்கா. அளவு நாடாவை எடுத்து அவர் பெயரின் உயரத்தை அளந்தாள். "எட்டு மில்லி. எனக்கும் எட்டு. ஏழரைன்னு கொண்டுவந்தா தெரியும் எனக்கு."

"மத்த நாற்பது புத்தகம்?" என்று கேட்டார் அவர்.

"அடுத்தடுத்து அச்சாகும்போது மாத்திடுவோம் மாமா. முன்னுரையும் அப்படியே போகட்டும். ஆனா அந்த 'உறுதுணை' மட்டும்..."

"அதை அவன் அன்னைக்கே அடிச்சிட்டான்," என்றாள் அக்கா.

புத்தகம் வந்தது. ஏமாந்துவிட்டோம் என்று ஓரிருவர் எழுதத்தான் செய்தார்கள். நூற்றுப் பத்துப் பக்கக்காரர் மட்டும் கொஞ்ச நாள் யாருடனும் பேசவில்லை. குழந்தைகள் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெரியவர்கள் தப்புச் செய்வார்கள் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சேதி.

நூலகத்தின் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். புதுப் பதிப்போடு வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் வீட்டிலிருந்த பழைய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முதுகு கிழிந்தவை, மூலை கடிபட்டவை, பால் கொட்டியவை. எல்லா அட்டையிலும் ஒரே பெயர். முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, தன் பழைய புத்தகத்தை அவரைத் தாண்டி அக்காவிடம் நீட்டினாள்.

"அட்டையிலேயே போட்டுக் குடுங்கம்மா. அவர் பேர் இருக்கிற இடத்துல."

அக்கா தடித்த பேனாவைத் திறந்தாள். ரசீதுகளுக்குக் கீழே தவிர அவள் எங்கேயும் தன் பெயரை எழுதியதில்லை. தம்பியின் பெயருக்குக் கீழே, அதன் உயரத்தைக் கண்ணால் அளந்து, எழுத்து எழுத்தாக எழுதினாள். காயும்வரை ஊதினாள். அடுத்தவரும் அவளிடமே நீட்டினார். அதற்கடுத்தவரும்.

"இது பதினாலாவது," என்றாள் ஒரு சிறுமியிடம், புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து. "இதுல வர்ற வெள்ளத்துக்கு எட்டு நாள் ஆச்சு. சேறு சேறா வரணும், ஆனா அழுக்கா இருக்கக் கூடாது. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள் சிறுமி. யோசித்துவிட்டு, "ஆனா பாலம் கொஞ்சம் கோணலா இருக்கு."

"பாலம் அவன் போட்டது. அங்க கேளு."

சிறுமி திரும்பினாள். பச்சை நாய்க்காரர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கோணல்தான். "ஆமா, தப்புத்தான்," என்றார். நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியிருந்தது. அக்கா அவசரப்படாமல் அடுத்த அட்டையில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.